மற்றும் பலர்

நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் பிழை என்கிறது.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
கதவு திறந்தது என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.
அதில் பிழைக்க என்ன இருக்கிறது.

லிஃப்ட்டுக்கான நிரல்.
மகாதேவபுரத்தில் ஐந்தாம் மாடியில் உட்கார்ந்து எழுதுகிறோம்.
எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஜூனிலிருந்து ஓடவில்லை.

மற்ற வரிகளுக்கெல்லாம் பின்னால் யாராவது உண்டு:
எடை இவ்வளவு, தளம் இத்தனை, மோட்டார் சூடு இத்தனை டிகிரி.
இதற்குப் பின்னால் யாரும் இல்லை.
திறந்தது. அவ்வளவுதான்.

சுஹாஸ் ஹெக்டே எட்டரைக்கே கிளம்பிவிட்டான்,
சில்க் போர்டில் தண்ணீர் ஏறுமுன் வீடு சேர.
பை-டூ சொல்ல ஆளில்லாமல்
முழுக் காபியையும் நானே குடித்தேன்.

கம்பைலருக்கு முன்னால் ஒருவன் வருவான்.
படிக்கத் தெரியாதவன், பசை வாளிக்காரன்.
இந்தச் சுவரில் இதை ஒட்டு என்றால் ஒட்டுவான்.
வேட்பாளர் கண்ணில் பல் டாக்டர் விளம்பரம் விழுந்தாலும்
அவனுக்கு ஒன்றுமில்லை.
அவன் போன பிறகு படித்தவர் வந்து திட்டுகிறார்,
அதுவும் சுவரை.

அவன் கையில் இருப்பது பழைய மேக்ரோ.
2011, ஆர். வி. என்று ஒரு குறிப்பு.
யாரென்று எச்.ஆருக்கும் தெரியவில்லை.
முதலில் செய்தி, அப்புறம் ஒரு கால்புள்ளி,
அப்புறம் மூன்று புள்ளி.
அந்த மூன்று புள்ளிக்கு நம் போஸ்டர்களில்
மற்றும் பலர் என்று பெயர்,
கல்யாணப் பத்திரிகையில் வகையறா.
ஏழு பேர் வந்தாலும் எழுபது பேர் வந்தாலும் கொள்ளும்.
யாருமே வராத நாளைத்தான்
ஆர். வி. யோசிக்கவில்லை.

பலர் வரவில்லை.
கால்புள்ளி மட்டும் வந்து நிற்கிறது
அடைப்புக்குறியின் வாசலில்,
கடைசி பஸ் போன பிறகும் கையை நீட்டிக்கொண்டு.

பத்து மணிக்கு இரண்டு ஹேஷ் போட்டுப் பார்த்தேன்.
பசைக் குறி அது. பின்னால் ஆளில்லையென்றால்
கால்புள்ளியை விழுங்கிவிடும்.
என் லேப்டாப்பில் விழுங்கியது.
போர்டோடு வந்த கம்பைலர் கறாரானவர்,
விதியில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்.

சுஹாஸ் போனில் சொன்னான்:
பின்னால் சும்மா ஒரு பூஜ்ஜியத்தை நிறுத்து.
ஒப்புக்குச் சப்பாணியா என்றேன்.
சிர்சிக்காரனுக்குப் புரியவில்லை,
விளக்க எனக்கும் கன்னடம் போதவில்லை.
முந்நூற்று அறுபது இடங்களில்
இல்லாத ஆளை இருப்பதாகக் காட்ட மனம் வரவில்லை.

ஒன்றரைக்குக் காவலர் கெஞ்சப்பா டார்ச்சோடு ஏறி வந்தார்.
யாரூ இல்வா மேடம்?
இரவுப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே
உடனிருப்பவர் என்று ஒரு கட்டம்.
கோடு போட்டுக் கொடுத்தேன்.
வீட்டு ஓனரின் மாதச் செய்தியும் இப்படித்தான்.
போன வருடம் வரை இரண்டு பெயர்.
ஒன்றை அழித்தவர்
நடுவில் இருந்ததை அழிக்க மறந்துவிட்டார்.
மங்கையர்க்கரசி, கால்புள்ளி, வெற்றிடம், வாடகை.

மூன்று மணி இருக்கும்.
தலைமாட்டில் தனியாக நின்ற செய்தியை இறக்கி
மூன்று புள்ளிக்குள்ளேயே சேர்த்தேன்.
முதலாமவர் என்று யாரும் வேண்டாம்.
வருவது ஒருவர் என்றால் அவரே பலர்.
கால்புள்ளியை மேக்ரோவிலிருந்தே எடுத்துவிட்டேன்,
கூட ஆள் கூட்டி வருகிறவர்கள்
தாங்களே கொண்டுவரட்டும்.

வாளிக்காரன் ஒட்டினான். படித்தவர் படித்தார்.
இரண்டு கம்பைலரிலும் ஒரு முணுமுணுப்பும் இல்லை.
சோதனைப் பலகையில் பச்சை விளக்கு,
திரையில் கதவு திறந்தது,
அதன் பின்னால் எதுவும் இல்லை.

ஐந்து மாடியும் படியில் இறங்கினேன்.
மழை விட்டிருந்தது.
மீட்டருக்கு மேல் நூறு என்றார் ஆட்டோக்காரர்.
எத்தனை பேர் என்று கேட்கவே இல்லை.