பதினொன்றாவது துளை

ஆயுத அறைப் பேரேட்டில் இதற்கு எண் நாற்பத்தேழு.
இரும்பில் 1944. கட்டையில்
யாரோ ஆணியால் கீறிய பாதி எழுத்து,
முடிப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.
தூக்கும்போதெல்லாம்
நார் ஆலையில் நான் நிறுக்கிற கட்டுகள் நினைவுக்கு வரும்.
முள் காட்டுவதைவிடக் கை கொஞ்சம் அதிகம் சொல்லும்.

ஊர்க்காவல் படை, ஆண்டுப் போட்டி, மதுக்கரை.
வேலிக்காத்தான் இலையெல்லாம் சிமெண்டுச் சாம்பல்.
பாலக்காட்டுக் கணவாய் ஊதுகிற ஊதலில்
சிவப்புக் கொடி கிழக்கே விறைத்து நிற்கிறது,
பிறகு என்ன நினைத்தோ
கம்பத்தைக் கட்டிக்கொள்கிறது.

சாக்கின் மேல் குப்புறப் படுக்கிறேன்.
தோளுக்கும் கட்டைக்கும் நடுவே
நாலாய் மடித்த ஈரோட்டுத் துண்டு.
பக்கத்துச் சாக்கில் சென்னியப்பன்,
உடுமலையில் விதைக்கடை.
சூட மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி
மூச்சை அடக்குகிறார்.

இதன் குணம் எனக்குத் தெரியும்.
குளிர்ந்த குழாயின் முதல் குண்டு
கடிகாரத்தில் பதினொன்று இருக்குமிடத்துக்குப் போகும்.
சூடேறிய பிறகு சொன்ன பேச்சுக் கேட்கும்.
ஆறு வருடமாக
இந்த ஒரு தவறைத் தவறாமல் செய்கிறது.
மனிதர்களில் அப்படி யாரையும் நான் பார்த்ததில்லை.

தாழை மேலே, பின்னே, முன்னே, கீழே.
வெற்றுக்கூடு ஒன்று முழங்கையில் உரசிச் சுட்டது.
ஒன்பது முடிந்தது.

பத்தாவதுக்கு விரல் வளைகையில்
மண்மேட்டின் மேல் மயில்.
விசில். "நிறுத்து, காலி பண்ணு!"
முதல் பலகையிலிருந்து பன்னிரண்டாம் பலகை வரை
கண்ணபுரம் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பவரைப் போல
ஒவ்வொன்றாய் நின்று நின்று பார்த்தது.
யாரோ கல்லெடுத்தார், யாரோ அதட்டினார்.
பதினேழு நிமிடம்.

குழாயில் புறங்கை வைத்தேன்.
மோர்ச் சட்டி.

ஆகவே கருப்பு வட்டத்தின் நடுவை விட்டுவிட்டு
கீழே வலப்பக்கம், ஐந்து மணி ஓரத்தைப் பிடித்தேன்.
தப்பான இடத்தைப் பார்த்தபடி
முழு மனதோடு இழுத்தேன்.
அதே நொடியில் பக்கத்துச் சாக்கும் அதிர்ந்தது.

குழியிலிருந்து கத்தினார்கள்:
"ஏழாம் பலகை, பதினொண்ணு!
எட்டாம் பலகை, ஒம்பது!"

நடந்து போய்ப் பார்த்தோம்.
எட்டுத் துளைகள், என் தோள் நினைத்திருந்த இடங்களில்.
பதினொரு மணியில் காலையின் முதல் குண்டு.
அதன் அருகே, கட்டைவிரல் தள்ளி, இன்னொன்று.
நட்டநடுவில் ஒன்று.

ஆய்வாளர் பேனா மூடியைக் கடித்தார்.
"எதும்மா உங்களுது?"
நடுவிலிருப்பது என்றால் முதல் பரிசு,
இரண்டு லிட்டர் கிரைண்டர்.
"நடுவுல இருக்கறது உங்களுதுங் அம்மிணி,
எழுதச் சொல்லுங்க," என்றார் சென்னியப்பன்.
எனக்குச் சுருக்கென்றது.
விதை வாங்கினால் கொசுறு போடுவாரே, அந்தக் குரல்.

சந்தேகமென்றால் குறைந்ததை ஏற்கலாம்,
அல்லது மறுபடி சுடலாம்.
குழாய் இப்போது வெதுவெதுப்பு;
அந்தச் சூட்டில் அது எங்கே போகுமென்று
நானே ஒருநாளும் பார்த்ததில்லை.
"குறைஞ்சதையே எழுதிக்கங்க," என்றேன்.
பெருந்தன்மை ஒன்றுமில்லை.
நாற்பத்தேழின் குணத்தை
நான் ஏமாற்றினேனா, அது என்னையா என்று
எல்லார் எதிரிலும் கேட்க வாய் வரவில்லை.

இரண்டாம் பரிசு எவர்சில்வர் குடம்.
டீக்கடையில் வாளி நிறைய வெந்நீர் வாங்கிவந்து
புனலை வைத்துக் குழாயில் ஊற்றினேன்.
காப்பிக் கசடாய் வழிந்தது.
தன் துப்பாக்கியோடு பக்கத்தில் வந்து குந்தினார் சென்னியப்பன்.
எண் ஐம்பத்திரண்டு.

"ஏனுங், இதும் குளுந்துட்டா
பதினொண்ணுக்குத்தானுங் போகும்.
எனக்கு அதுக்குத் தகுந்து புடிக்கத் தெரியாது."

மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து
அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

வாளியில் பாதி இருந்தது.
புனலை எடுத்து
அவர் குழாயில் வைத்தேன்.