இரண்டு மில்லி எச்சில்

வெற்றிலை வேண்டாம், பீடி வேண்டாம்,
அரை மணி நேரம் எதுவும் குடிக்காமல் இருங்கள் என்று
நேற்றே போனில் சொல்லியிருந்தேன்.
"எதுவுமேவா?" என்று சிரித்தார் திம்மராயன்.
அந்தச் சிரிப்பைக் குறிக்கப் படிவத்தில் கட்டமில்லை.

சந்தூர் நர்சரி.
கறுப்புப் பைகளில் ஒட்டு மாங்கன்றுகள்
இடுப்பில் கட்டுப் போட்டு நிற்கின்றன.
குழாயை நீட்டுகிறேன். எண் நானூற்றுப் பதினேழு.
நுரை கணக்கில் வராது,
கோடு வரை எச்சில் வேண்டும்.
நாக்கு வறண்டு கிடக்கிறது அவருக்கு.
மாங்காயை நினையுங்கள் என்கிறேன்.
"முப்பது வருசமா அதையேதாம்மா நெனைக்கிறேன்."

துப்பத் துப்ப, குடும்பத்தை வரைகிறேன்.
ஆண் சதுரம், பெண் வட்டம்.
குடி என்றால் இடப்பாதி கறுப்பு,
மனநோய் என்றால் வலப்பாதி,
செத்தவர்மேல் ஒரு சாய்கோடு.
அப்பா இடப்பாதி.
பெரியப்பா முழுக் கறுப்பு; கிணறு.
அக்கா ஒருத்தி, ஒரு சொட்டு தொட்டதில்லை,
மூன்று வருசம் யாரோடும் பேசாமல்
சுவரைப் பார்த்தே இருந்தாள். வலப்பாதி.
பென்சில் மழுங்கிவிட்டது.

குடித்ததால் மனசு கெட்டதா,
மனசு கெட்டதால் குடித்தார்களா?
நேரில் கேட்டால் ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள்.
மரபணுவுக்குத் தேதிக் குழப்பமில்லை,
முதல் மிடறுக்கு வெகு முன்னால்,
கருவிலேயே சீட்டுக் குலுக்கி எடுத்தாயிற்று;
பல்லாயிரம் பேரின் எச்சிலைச் சேர்த்தால்
மாடு வண்டியை இழுத்ததா
வண்டி மாட்டைத் தள்ளியதா என்று
கொஞ்சம் தெரியவரலாம் என்றார் பெங்களூரு டாக்டர்.
"அப்ப என்னைப் பத்தி என்ன வரும்?"
உங்களைப் பற்றி மட்டும் ஒரு வரியும் வராதுங்க.
பல்லாயிரம் பேரைப் பற்றித்தான் வரும்.

அவர் ஒரு கன்றைத் தூக்கி வருகிறார்.
"கீழ காட்டு மாங்கொட்டை. மேல செந்தூரா.
நடுவுல நான் கத்தி வெச்ச எடம்.
நீங்க எடுத்துட்டுப் போறது
கீழயா, மேலயா?"

பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வி வரவில்லை.

சாட்சிக் கையெழுத்துக்கு மாதம்மா வருகிறார்.
பேனாவை வாங்கிக்கொண்டு, போடாமல் கேட்கிறார்:
"இவரு குடி ரத்தத்துலயே இருக்குன்னு வந்துட்டா,
அந்தக் கை?
அதுவும் ரத்தத்துல இருக்குதாம்மா?"
திம்மராயன் கன்றின் கட்டை இறுக்குகிறார்,
ஏற்கெனவே இறுகியிருந்த கட்டை.

"என் எச்சி வேணாமா?"
ரத்த உறவுக்கு மட்டும்தாங்க இந்த ஆய்வு.
"நான் அவரு அக்கா மக.
நீங்க பாதி கறுப்படிச்ச அந்த வட்டம்
எங்கம்மா."

அழிக்கிறேன்.
கணவன் மனைவி நடுவே ஒற்றைக் கோடு
இரட்டைக் கோடாகிறது.
தாத்தாவின் இடப்பாதி இப்போது
இரண்டு வழியாக இறங்கி வருகிறது.
குழாய் நானூற்றுப் பதினெட்டு.
கண் மூடித் திறப்பதற்குள் கோட்டைத் தொட்டுவிட்டது.
"முழுங்கி முழுங்கிப் பழகுன வாயிம்மா,
துப்பச் சொன்னா வராதா?"

கேள்வி ஒன்பதை வாசிக்கிறேன்.
கடந்த பதினான்கு நாளில்
வாழவே வேண்டாம் என்று தோன்றியதுண்டா?
கன்றுகள் பக்கம் பார்க்கிறார்.
சொட்டுநீர்க் குழாய் எங்கோ ஒழுகும் சத்தம்.
"பதினாலு நாள்தான் கேப்பீங்களா?"

அதன் பிறகு பேனாவை நான் தொடவில்லை.
அவர் சொன்னார். நான் கேட்டேன்.
கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் எந்த நாள்,
எந்த அறை, யாரைப் பார்க்க வேண்டும் என்று
படிவத்தின் பின்பக்கத்தைக் கிழித்து
எழுதிக் கொடுத்தேன்.
அவர் வட்டத்தின் எந்தப் பாதியும்
இன்னும் வெள்ளைதான்.

ஓசூர் பஸ். மாம்பழ சீசன்.
ஆளுக்கொரு கூடை, மூட்டை, அட்டைப்பெட்டி.
மடியில் இருந்த பெட்டியைக் காட்டி
"பழமா?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன்.
"எந்த ஜாதி?"
ஒட்டு என்றேன்.
லக்கேஜுக்கு ஒரு சீட்டுக் கிழித்தார்.