நீல நகம்

ஒலிண்டோ தவாரெஸ் செத்துப்போன செய்தி
பேரணாம்பட்டு வந்து சேர பதினோரு நாள்.
வந்ததும் என் ஒருவனுக்குத்தான்.

நாலு வருஷத்துக்கு முன்,
டயர் கடைக்கு மேலே சங்கத்து அறை,
ஒரு வேட்டி, நாலு ஆணி, கடன் புரொஜெக்டர்.
போர்த்துகீசு எனக்குத் தெரியாது.
கீழே ஓடும் ஆங்கில வரியைப் பிடித்து
தமிழில் கத்தினேன்.
அதை உருதுவாக்கிப் பக்கத்தாளுக்குத் தந்தார் இம்தாதுல்லா,
கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்த்து.

அங்கேயும் தோல் ஷெட்டு.
மலட்டாற்றில் மிதக்கிற அதே நுரை.
கூலி கேட்டவர்களைத் தேடி ஜீப் வருகிறது.
ரீல் மாற்றும் இடைவெளியில் சொன்னேன்:
இயக்குநரை ராணுவம் பிடித்துப் போனபின்
படச்சுருளை உப்புத்தோல் கட்டுக்குள் சொருகி
எல்லை தாண்ட வைத்தார்களாம்.
மூக்கைப் பொத்திய சிப்பாய் கட்டைப் பிரிக்கவே இல்லை.
அப்போதுதான் முதல்முறை சிரித்தார்கள்.
பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகிற கதை
எல்லோரிடமும் இருந்தது.

பிறகு அந்தப் பெரிய கட்டம்.
தலைவன் பேசுகிறான், கண்ணீர், பின்னால் முரசு.
"நடிகன்" என்றார் பொன்னுரங்கம்.
"கத்தி பிடிக்கிற லட்சணத்தப் பாரு,
சதையோட தோலும் போயிடும்."
உலகமே கொண்டாடிய காட்சி என்று வாதாடினேன்.
"உலகம் எந்த ஷெட்டுல வேல பாத்துச்சு?"

அதற்கும் பிறகு ஒரு பெண்.
ரொட்டி பிய்க்கிறாள்.
கை மட்டும், அரை நிமிடம்.
கத்துவதற்கு எனக்கு வரி இல்லை.
"இவ நம்மாளு" என்றாள்
குரோமியம் டிரம்மில் தோல் அள்ளுகிற அஞ்சலாட்சி.
"நகத்தப் பாரு, நீலம்."

படம் கறுப்பு வெள்ளை.

யாரும் திருத்தவில்லை.
நானும்தான்; அதற்குள்
எனக்கும் நீலமாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

இன்றைய இரங்கல் குறிப்பில்
பரிசுகள், ஏழு வருஷம் நாடில்லாமல் இருந்தது,
மூன்று மனைவிகள், பாதியில் நின்ற கடைசிப் படம்.
ஷிஃப்ட் விடுகிற ஆறரைக்கு
கேட்டில் நின்று அஞ்சலாட்சியிடம் சொன்னேன்.
யாரு என்றாள்.
ரொட்டி பிய்த்த கையைக் காட்டினாரே, அவர்.
டிபன் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.
"அந்தப் பொண்ணு இருக்காளா?"

மடித்த தாளைப் பிரித்து
கேட் விளக்கடியில் மறுபடி படித்தேன்,
மேலிருந்து கீழ்வரை,
அவள் பஸ்ஸும் போய்விட்டது.