எண்ணூற்றுப் பன்னிரண்டு மணி

சந்தூர் தாண்டி, மாங்கூழ் ஆலைக்குப் பின்சந்தில்
தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது.
இருபத்திரண்டு குதிரைத்திறன்;
ஒரு குதிரையும் கனைக்கவில்லை.
ஒருகாலத்துச் சிவப்பு. இப்போது
வெயில் பட்ட பக்கம் ரோஜா,
படாத பக்கம் கத்தரிக்காய்.
பின்னால் புல்வெட்டி,
கட்டில் அகலத்துக்கு ஒரு தகரக் குடை.
அடியில் இரண்டு கத்தி இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்றரை.

திம்மராயப்பா சொன்ன விலை ஒன்று நாற்பது.
"ஓடற வண்டிங்க. மீட்டரைப் பாருங்க,
எண்ணூத்திப் பன்னெண்டு மணிதான்."
பார்த்தேன்.
கண்ணாடிக்குள், எட்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில்
ஓர் எறும்பு செத்துக் கிடந்தது.
"இது எப்ப நின்னுச்சு?"
"எது?"
"மீட்டர்."
வெற்றிலை மெல்லும் வாய் ஒரு நொடி ஓய்ந்தது.
"பையன் பத்தாவது படிக்கறப்ப."
பையன் பின்னால்தான் நின்றான்,
இடுப்பில் கைக்குழந்தையோடு.

இம்தியாஸ் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான்.
ஓசூர் கம்பெனியை விட்டுவந்த மெக்கானிக்.
பொய் சொல்ல வராது, அதனால் வாடிக்கை குறைவு.
டார்ச்சும் தலையும் தகரத்துக்கு அடியில்,
கால்கள் மட்டும் எங்களோடு.
"கியர் பாக்ஸ் சீல் போயிருக்கு."
"கிராஸ் ஜாயிண்ட் ஆடுது."
"கிளட்ச்... கழட்டினாத்தான் தெரியும்."
ஒவ்வொன்றுக்கும் திம்மராயப்பா தலையாட்டினார்,
யார் வீட்டு நோயையோ விசாரிப்பவர் மாதிரி.
பிறகு, "அய்யோ!"
வெளியே வந்த கையில் ரத்தப் பொட்டு.
"உள்ள கோழி இருக்குதுக்கா."

அடைக்கோழி.
கத்திக்கும் தகரத்துக்கும் இடையில்
ஒன்பது முட்டை, சணல், கொஞ்சம் டீசல் வாசம்.
"பதினோரு நாளாச்சு.
இன்னும் பத்து நாளைக்கு ஸ்டார்ட் பண்ண முடியாதுங்க,
வூட்ல கொன்னுடுவாங்க."

சத்தம் கேட்காமல் ஒரு வண்டியை
எப்படி வாங்குவது?

பழைய மாங்காய் ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
பேசினால் ஒன்று இருபத்தைந்துக்கு இறங்குவார்.
சீல், ஜாயிண்ட், கத்தி, பின் டயர்: முப்பத்தெட்டாயிரம்.
கிளட்சுக்கு ஒரு கேள்விக்குறி.
வாடகை வண்டி மணிக்கு ஆயிரம்,
கூப்பிட்ட வாரம் வராது, வந்த வாரம் மழை.
நாலு ஏக்கர், வருஷம் மூணு வெட்டு, இருபத்துநாலாயிரம்.
போட்ட காசை ஏழு வருஷத்தில் எடுத்துவிடலாம்.
ஏழு வருஷம் இது உயிரோடு இருக்குமா என்பதை
ரசீதில் கணக்குப் போட முடியாது.

களைக்கொல்லி மலிவுதான்.
போன ஆடியில் அடித்துவிட்டு முனிரத்தினம்
மூன்று நாள் சோற்றைக் கரண்டியால் தின்றார்.
அப்படியே விட்டுவிடலாம் என்றால்,
கார்த்திகையில் நீலம் மரத்தடிப் புல்லில்
ஏதோ என் செருப்பை உரசிப் போனது.
சொட்டுநீர்க் குழாய் என்று நினைத்தேன்.
பத்தடி நடந்தபின் ஞாபகம் வந்தது,
அந்தப் பக்கம் நாங்கள் குழாய் போடவே இல்லை.

"ஏன் விக்கறீங்க?"
பதில் சொல்லாமல் கொட்டகையின் பின்கதவைத் தள்ளினார்.
மாமரம் நின்ற இடமெல்லாம்
வெள்ளையும் மஞ்சளும் அடித்த மனைக்கற்கள்,
புல் முளைக்கும் முன்பே விற்றுப்போனவை.
"ஒருநாள் பழக்கதோஷத்துல ஓட்டிட்டேங்க."
அந்த அரைக் கத்தி போன இடம் தெரிந்தது.

மத்தூர் பஸ்ஸில் பாதி வழியில் இம்தியாஸைக் கூப்பிட்டேன்.
"பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை வா.
பானா வேணாம், காதைக் கொண்டாந்தா போதும்."
"இப்பவே வேணாம்னு சொல்லிடலாம்க்கா."
"சொல்லலாம்."
இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.
அவன் பக்கம் ஏதோ ஓர் இன்ஜின்
இருமி இருமி, பிறகு பிடித்துக்கொண்டது.

ராத்திரி நல்ல மழை.
காலையில் புல்
கணுக்காலுக்கு மேல் இரண்டு விரல்.
முட்டைகளுக்குப் பன்னிரண்டாம் நாள்.