நரம்பு தேடும் கை

வேலூரில் குளிரா என்று சிரிப்பவர்கள்
மே மாதத்தில் வந்துபோனவர்கள்.
மார்கழி நாலேமுக்காலுக்குப்
பாலாற்றுப் பாலத்தின்மேல் வந்து பாருங்கள்.
ஹெட்லைட் பத்தடிக்கு மேல் போகாது.
ஆறு கீழே மணலாகக் கிடக்கும்,
அதன் ஈரமெல்லாம் காற்றில்.

அண்ணனின் பழைய ஸ்ப்ளெண்டர்.
பின்சீட்டில் ஐஸ் பெட்டி.
உள்ளே சிவப்பு மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடிக் குழாய்கள்.
ஏழு வீடுகளில் ஏழு பேர்
காபி குடிக்காமல்
என்னைத் திட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

காகிதப்பட்டறை முனிரத்தினத்துக்கு
நரம்பு கண்ணுக்குத் தெரியாது.
ஆள்காட்டி விரலால் அழுத்தி
இங்கே, இல்லை, கொஞ்சம் தள்ளி
மெத்தென்று திருப்பி உதைக்கும் இடத்தைத்
தேட வேண்டும்.
போன செவ்வாய் என் விரலுக்கு
எதுவும் கேட்கவில்லை.
மூன்று குத்து.
"பொணம் வந்து தொட்டாப்பல இருக்குதும்மா."
மன்னிப்புக் கேட்டேன்.
மறுக்க முடியவில்லை.

லாங்கு பஜாரில் அறுபது ரூபாய்க் கம்பளி உறை:
காற்று கதவு தட்டாமல் உள்ளே வந்தது.
முதல் தூறலில்
கைக்கு ஒரு நனைந்த பூனை.
அடியில் லேப் கையுறை, மேலே கம்பளி:
நனையவில்லை, ஆனால் வியர்த்து
விரல்கள் வெளுத்துச் சுருங்கி
வேறு யாருடையதோ போல் வெளியே வந்தன.
பாத்திரம் தேய்க்கும் ரப்பர் உறை போட்ட அன்று
கிரீன் சர்க்கிளில் பிரேக் வழுக்கியது.
அந்த ஆட்டோக்காரர் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

மேல்விஷாரத்தில் இம்தியாஸ் பாயின் கடை.
பனிநாட்டுக்குப் புறப்பட்டு
பாதியில் திரும்பிவிட்ட சரக்கு
மூட்டை மூட்டையாய்.
தோல் வாசனையை
இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"இன்னாத்துக்கு? ஓட்டறதுக்கா, காட்டறதுக்கா?"

கச்சிதமாய் இருந்ததை எடுத்தேன்.
பிடுங்கிவிட்டு அடுத்த அளவைத் தந்தார்.
"கைய மடக்கு. நுனியில ஒரு அரிசி இடம் வேணும்.
இறுக்கினா ரத்தம் ஓடாது.
ரத்தம் ஓடாத எடம்தான் குளிரும்."
தினமும் ஏழு கைகளில்
பட்டை இறுக்கிக் கட்டுகிறவள் நான்.
தலையாட்டினேன்.

பிறகு உறைக்குள் சொம்புத் தண்ணீரை ஊற்றி
வாயை முறுக்கிப் பிடித்து
விளக்குக்கு நேரே தூக்கினார்.
ஆட்டுக்கு மடி போல் தொங்கியது.
இருவரும் பேசாமல் பார்த்திருந்தோம்.
வெகு நேரம் கழித்து
வலது சுண்டுவிரல் தையலில்
ஒரே ஒரு சொட்டு, யோசித்து யோசித்து.

"இதான் திரும்பி வந்த காரணம். பாதி வெலை."

வேறு ஜோடி பார்க்கட்டுமா என்றார்.
சுண்டுவிரலால் யாருக்கும் நான்
நரம்பு தேடுவதில்லை என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. நூறு குறைத்தார்.
கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார்:
"ரெயின்கோட்டுக் கை மேல வரட்டும், உறை உள்ள.
மாத்திப் போட்டா
முழங்கைத் தண்ணியெல்லாம் உள்ளங்கைக்குத்தான்."

வெள்ளிக்கிழமை கடலில் எங்கோ புயல்.
இங்கே விடியும் முன்பே சாரல்.
பாலத்தின்மேல் கிளட்ச் பிடித்த கைக்குள்
ஒரு சின்ன அறை இருந்தது,
ஐந்து பேர் நெருங்கிப் படுத்து
போர்வை இழுக்காமல் தூங்குகிற அறை.

முனிரத்தினம் நைட்டு முழுக்க இருமியிருந்தார்.
சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டு
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.
தொட்டேன்.
தோல் விலகாமல் கிடந்தது.
அழுத்தினேன்,
அங்கே இருந்தது அது, உதைத்தது.
ஒரே குத்து. ஊதா மூடி, சாம்பல் மூடி.

அவர் எதுவும் சொல்லவில்லை.
பஞ்சை அழுத்திக்கொண்டு
காபிக்குக் குரல் கொடுத்தார்.

வெளியே கண்ணாடியில் மாட்டியிருந்த உறைகள்
இன்னும் ஹேண்டிலைப் பிடித்த வளைவிலேயே
சொட்டிக்கொண்டிருந்தன.
போட்டேன்.
சுண்டுவிரலில் மட்டும் சில்லென்றது.
இன்னும் ஆறு வீடு.