திறப்பு வழமையான இடத்தில்

புல்மோட்டைக்கு இந்தப் பக்கம், தார் முடிகிற வளைவில்
ஜீப்பை விட்டு இறங்கினோம், நானும் அசனாரும்.
தேடிப்போனது ஒரு குழாயை.
ஆற்றிலிருந்து கரைக்கு, கறுப்பு மணல் கழுவ
ஒருகாலம் தண்ணி கொண்டுபோன ஆறங்குலக் குழாய்.
வரைபடத்தில் நீலப் பென்சில் கோடு.
தரையில் அது இல்லை.

இரும்பை எப்போதோ கிலோக் கணக்கில் கழற்றி விற்றுவிட்டார்கள்.
மிச்சம், அது படுத்திருந்த கொங்கிரீட் தலையணைகள்.
ஒவ்வொன்றிலும் ஓர் எண்,
ஈரம் காயுமுன் ஆணியால் கீறியது.
பதினேழு. பதினெட்டு.
பத்தொன்பதைப் புற்று தின்றுவிட்டது.
இருபதின் மேல் யானை லத்தி, சூடு ஆறவில்லை.
"அலியன்" என்றார் அசனார், "இப்பதான் போயிருக்கு."
அதன்பிறகு இருவரும் குரலைத் தாழ்த்திக் கதைத்தோம்,
யானைக்குக் கேட்காத ஒன்று எங்களிடம் இருந்ததுபோல.

முப்பத்தொன்றில் எண்கள் நின்றன.
நாற்பத்தாறில் மறுபடி தொடங்கின.
இடையில் ஒரு மண் அணை, துருவேறிய சுருட்கம்பி,
கிழிந்த மண்மூட்டைக்குள்ளிருந்தே முளைத்து
என்னைவிட உயர்ந்துவிட்ட வேம்பு.
பதினாலு கட்டைகளும் எந்தப் பங்கருக்குச் சுவராய்ப் போயினவோ.
யாருடைய பங்கர் என்று அசனார் சொல்லவில்லை.
நான் களப்புத்தகத்தில் 'இல்லை' என்று மட்டும் எழுதினேன்.

தொட்டி சொல்லாமல் வந்தது.
சூரை முள்ளிடமிருந்து சட்டைக் கையை மீட்டு நிமிர்ந்தால்
வீரை மரங்களுக்கு நடுவே, ஒரு வீட்டளவு,
வானத்துக்கு வாய் பிளந்து கிடக்கிறது.
உள்ளே முழங்கால் ஆழம் மழைத்தண்ணி,
தவளைகள், மிதக்கிற ஒற்றை ரப்பர் செருப்பு.
சுவரில் அடிக்கோடுகள்: எட்டு, ஏழு, ஆறு, ஐந்து.
நாலுக்குக் கீழே பாசியின் கணக்கு.

வால்வுச் சக்கரம் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.
அசனார் உள்ளங்கையில் துப்பி, தேய்த்து,
இடப்பக்கம் திருப்பினார்.
அசையும் என்று இருவருமே நினைக்கவில்லை.
கால் சுற்று.
மண்ணுக்குள் எங்கோ ஒரு ஏப்பம்.
தவளைகள் ஒரேயடியாய் நிறுத்தின.
பிறத்தியார் அடுப்படியில் பானை திறந்து பார்த்தவரைப் போல
அவர் அவசரமாய் மூடினார்.

பம்ப் அறைக்குக் கூரை இல்லை. கதவு இல்லை. கதவு நிலையும் இல்லை.
பம்ப் இருந்த இடத்தில் நாலு போல்ட்டு
மேசைக் கால்கள்போல் நிமிர்ந்து நின்றன.
மழை எட்டாத மூலையில், சுண்ணாம்பின் மேல் பென்சிலில்,
இரண்டு கையெழுத்து மாறிமாறி:

நாலு பத்துக்குத் தொடக்கம். எண்ணெய் விட்டது. மரியநாயகம்.
பதினொன்றரைக்கு ஏற்றேன். மோட்டர் சூடு. சின்னலெவ்வை.
சூடுதான். பெல்ட் கேட்டு எழுதியாச்சு. மரியநாயகம்.
பெல்ட் வரேல்ல. சின்னலெவ்வை.
பெல்ட் வரேல்ல. மரியநாயகம்.

இப்படியே இடுப்பளவு இறங்கி, கடைசியில்
யாருடையது என்று பிடிபடாத அவசர எழுத்தில்:
பம்ப் நிப்பாட்டியாச்சு. திறப்பு வழமையான இடத்தில்.

திகதி இல்லை.

நாங்கள் தேடினோம்.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அரை மணித்தியாலம்,
கதவில்லாத ஓர் அறையின் திறப்பை.
யன்னல் கட்டைக்கு மேல் தடவினேன், குளவிக்கூடு.
அசனார் வாசற்படியில் ஆடிய கல்லைப் புரட்டினார், தேள் ஒன்று
நித்திரை கலைந்த எரிச்சலில் வாலைத் தூக்கிப் போனது.
எண்ணெய்ப் பீப்பா இருந்த வட்டத்தில் துரு மட்டும்.
பழைய தடம் பாவிக்கலாமா என்று பார்த்துவரச் சொன்ன பொறியியலாளர்
இதை எந்தச் செலவில் எழுதச் சொல்வாரோ.

"எங்கட வீட்டில எண்டா" என்று அசனார் வியர்வை துடைத்தார்,
"செருப்புக்குள்ளதான் வைப்பம்."

சொன்னபிறகு இருவரும் பேசவில்லை.
தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்து
அவர் தடியை நீட்டினார். நான் காலைப் பிடித்துக்கொண்டேன்.
மூன்றாம் முறை மாட்டியது.
கவிழ்த்தார்: தண்ணி, ஒரு தலைப்பிரட்டை,
பெருவிரல் தேய்த்த பள்ளம்.

தலைப்பிரட்டையைத் திரும்ப விட்டார்.
செருப்பை விளிம்பில் வைத்தார், வார் மேலே பார்க்க,
அறை வாசலை நோக்கி.