தன்மை ஒருமை

காலை பதினொன்றுக்குள்
மூன்று முறை குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டேன்.
முஸ்தஃபாவுக்குப் பின்னால் வரி கட்டாத சிகரெட் விற்றேன்.
அண்டை வீட்டுக்காரரைக் குடையால் அடித்தேன்.
குடித்துவிட்டு டாக்ஸியில் எதையோ உடைத்தேன்,
எதை என்று எனக்கே நினைவில்லை.

'அவர் சொல்கிறார்' என்று ஆரம்பிக்கக் கூடாது.
கூண்டிலிருப்பவர் 'நான்' என்றால்
என் வாயிலும் நான்தான்.
ஹேவ்லாக் சதுக்கத்தில்
பன்னிரண்டு வருடமாக இதுவே என் இலக்கணம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
கன்ஃபெஸ் என்ற வினைச்சொல்லைத் தேடிப் போனேன்.
லத்தீனில் புறப்பட்டு
பிரெஞ்சுக்காரர் வீட்டில் தங்கி வந்ததாம்.
முன்பாதிக்குக் 'கூட' என்று பொருள்,
பின்பாதிக்குச் 'சொல்' என்று.
கூடச் சொல்லுதல்.
யாரோடு கூட?
அகராதி பதில் சொல்லாமல்
நாலு சொல் தள்ளி
கல்யாணத்தில் தூவும் வண்ணக் காகிதத்துக்குப் போய்விட்டது.

அமெரிக்கர்கள் தலையைச் சீவிவிட்டு
ஃபெஸ் அப் என்றார்கள்.
சீவியதில் விழுந்தது அந்தக் 'கூட'தான்.
ஜூரோங் பள்ளியில் எங்கள் மிஸ் டேவுக்கு
ஓன் அப் தான் பிடிக்கும்.
ஜன்னலை உடைத்தவன் அதைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும்.
சொந்தம் என்றால் எனக்குத் தெரிந்தது வேறு:
சொல்லாமல் வந்து
மூன்று நாள் சோபாவில் படுப்பது.

நீதிமன்றத்தில் இவை எதுவும் இல்லை, பிளீட் மட்டும்.
கெஞ்சுவதற்கும் அதே சொல்.
வக்கீல்கள் அதையும் சுருக்கி
பீஜீ என்பார்கள், ஏதோ மாத்திரை மாதிரி.

நான்காவதாக வந்தவர் சூசைமாணிக்கம்.
துவாஸ் விடுதி. பதினொரு கிலோ செம்புக் கம்பி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
சட்டையின் முதல் பொத்தான்வரை போட்டிருந்தார்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?

"பாவசங்கீர்த்தனம் மாதிரியாம்மா?"

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.
அதிலும் முன்னால் நிற்பது அதே 'கூட'.
கூடிப் பாடுதல், பாவத்தை.
எதையும் விடக் கூடாது என்பது விதி.
நீதிபதியிடம் கேட்டேன்:
கோவிலில் செய்வது போலவா?
"இல்லை" என்றார்.
அந்த இல்லையை எடுத்துவந்து
கண்ணாடி இடைவெளியில் வைத்தேன்.

"சரி, ஒப்புக்கறேன்.
கழிச்சுப் போட்ட கம்பின்னு நெனச்சுத்தான் எடுத்தேன்."

முதல் வாக்கியத்துக்கே என் வாய் திறந்துவிட்டது.
போன வருடம் அங்கேதான் மூடினேன்.

போன வருடம் தவசிலிங்கம்.
மணி பன்னிரண்டு ஐம்பது, எல்லோருக்கும் பசி.
குற்றச்சாட்டை வாசித்து முடித்ததும்
"சரிங்க" என்றார்.
காதில் விழுந்தது, மேலே சொல்லுங்க என்பதற்கும்
நம்மிடம் சரிங்கதான்.
நான் அதை யெஸ் ஆக்கினேன்.
ஆறு வாரம்.

இந்த முறை இரண்டையும் சொன்னேன்.
நீதிபதி பேனாவை மூடினார்.
அப்படியானால் இது ஒப்புதல் ஆகாது,
விசாரணைக்குப் போகட்டும், அடுத்த மாதம்.

சூசைமாணிக்கம் என்னை முறைத்தார்.
"ஏம்மா, மொத வார்த்தையோட விட்ருந்தா
சனிக்கிழமைக்குள்ள முடிவு தெரிஞ்சிருக்கும்.
தங்கச்சிக்குக் கல்யாணம்."

இதை மொழிபெயர்க்கவில்லை.
என்னிடம் சொன்னதா, நீதிமன்றத்திடம் சொன்னதா
என்று தெரியவில்லை. அல்லது
தெரிந்தே இருந்திருக்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில் கோப்பி ஓ கோசோங்,
ஆறிப் போகும்வரை.
பிற்பகலில் இன்னும் இரண்டு முறை ஒப்புக்கொண்டேன்,
தெளிவாக, குரல் நடுங்காமல்.
ஒன்றில் அழவும் வேண்டியிருந்தது.
அதை அவரே பார்த்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு எல்லோரும் எழுந்து போன பின்
கோப்பை எடுக்கத் திரும்பி வந்தேன்.
கூண்டு காலி. கண்ணாடியில் யாரோ
நெற்றி வைத்திருந்த எண்ணெய்த் தடம்.
குனிந்து, அந்த இடைவெளியில்
சரிங்க என்று சொல்லிப் பார்த்தேன்.

எந்தச் சரிங்க என்று கேட்க
அந்தப் பக்கம் ஆளில்லை.